குளிருது, அவ்வளவுதான்

எங்கள் நாட்டில் குளிர்காலத்தில் பஸ்ஸுக்காக நடுங்கிக்கொண்டு நிற்கிற யாரிடமாவது "என்ன, பயமா?" என்று கேட்டுப் பாருங்கள். மீன் விற்கிறவராக இருந்தாலும் சரி, நீதிபதியாக இருந்தாலும் சரி, "எனக்குப் பயமில்லை. குளிருது, அவ்வளவுதான்" என்று பதில் வரும். சொல்லும்போது குரலை மெல்லியதாக்கிக் கடைசி வார்த்தையில் ஒரு குழைவு குழைவார்கள். அந்தக் குழைவைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதை முதலில் சொன்னவள் என் அக்கா. அவள் குழையவில்லை.

அவள் நடித்த படத்தைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். ஆலைக்காரன் மகள் ஒருத்தி. அவள் தம்பி குளத்தில் மூழ்கிப் போகிறான். குளத்துக்கு அடியில் பச்சைக் கோட்டு போட்ட பூதம் குடியிருக்கிறது. கோட்டின் இடது முனையிலிருந்து எப்போதும் தண்ணீர் சொட்டும். மூழ்கினவர்களின் உயிரைப் பீங்கான் கோப்பைகளால் மூடி வரிசையாக அடுக்கி வைத்திருக்கும். அந்தப் பெண் நடுக்குளிர்காலத்தில் தனியாக உறைந்த குளத்தின் மேல் நடந்து போய், பூட்ஸ் குதிகாலால் பனிக்கட்டியை ஓங்கி மிதித்து, "கதவைத் திற!" என்று கூப்பிடுகிறாள். பூதம் தலையை நீட்டி, "நடுங்குறியே, பயமா?" என்று கேட்கிறது. அதற்குத்தான் அந்தப் பதில்.

அவ்வளவுதான் கதை. கேட்டால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தக் குளம் உண்மையான குளம், அந்தப் பனி உண்மையான பனி. பூதமாக நடித்தவர் பேசும்போது வாயிலிருந்து ஆவி வருகிறது. தனிமை தாங்காமல் அந்தப் பூதம் கோப்பைகளோடு சீட்டாடுகிற இடத்தில் போலீஸ்காரன்கூடச் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைப்பான். அந்தப் படத்தை வெறுக்க எனக்கு எல்லா உரிமையும் உண்டு. வெறுக்கத்தான் முடியவில்லை.

ஆலைக்காரன் மகளாக நடித்தபோது என் அக்கா ஹெட்விகாவுக்கு இருபது வயது. ப்ராகில் நாடகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பன்னிரண்டு. படப்பிடிப்பில் பனிக்கட்டி உடைந்து இடுப்பு வரை தண்ணீருக்குள் போய்விட்டாள். போர்வையைச் சுற்றி உட்கார வைத்து, "நாளைக்கு எடுத்துக்கலாம்மா" என்றாராம் இயக்குநர். "நாளைக்கு வெயிலடிச்சா என்ன பண்ணுவீங்க? இப்பவே எடுங்க" என்றாளாம் இவள். அதனால் அந்தக் காட்சியில் அவள் தொண்டை கட்டியிருக்கிறது. பிறவியிலேயே அவளுக்குக் கரகரத்த குரல்தான். சளி வேறு சேர்ந்துகொண்டதில், "குளிருது, அவ்வளவுதான்" என்கிறபோது கொஞ்சம் எரிச்சலும் கொஞ்சம் கேலியும் கேட்கும். எங்கள் அம்மா மளிகைக் கடையில் வரிசையில் நின்று சலித்துக்கொள்கிற அதே தோரணை. முதல் தடவை தொலைக்காட்சியில் கேட்டதும் அம்மா, "பாவி மக, என்னையே கொண்டுபோய்ப் பனியில நிறுத்திட்டா" என்று சொல்லி வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அந்த வருஷத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸ் முந்திய மாலையும் ஆறு மணிக்கு அந்தப் படம். ஊரே கெண்டை மீன் வறுவலையும் உருளைக்கிழங்கு சாலடையும் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தது. படம் இல்லாமல் பண்டிகை இல்லை என்று ஆகிவிட்டது.

பிறகு அம்மாவின் கண்களைச் சர்க்கரை வியாதி தின்றது. முதலில் ஒன்று, அடுத்தது இன்னொன்று. அதற்கு அடுத்த கோடையில் ஹெட்விகா யூகோஸ்லாவியாவுக்குச் சுற்றுலா போகிறேன் என்று அனுமதி வாங்கிக்கொண்டு போனாள். கடலில் குளித்தாளோ இல்லையோ, திரும்பி வரவில்லை. வியன்னாவிலிருந்து ஒரு தபால் அட்டை வந்தது. "மன்னிச்சிடும்மா. இங்கே மூச்சு விட முடியுது." அவ்வளவுதான். கம்யூனிஸ்ட் ஆட்சியில் அப்படிப் போய்த் தங்கிவிடுவது குற்றம். நீதிமன்றம் அவள் இல்லாமலே அவளுக்குத் தண்டனை விதித்தது. எங்கள் வீட்டில் தொலைபேசி கிடையாது. எப்போதாவது வருகிற கடிதங்களும் பிரித்து ஒட்டப்பட்டுத்தான் வரும். அவற்றை அம்மாவுக்கு நான்தான் படித்துக் காட்டுவேன். ஒருநாள் அவள் கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

"போதும்டி மிலா. நீ படிச்சா நீதான் பேசுற மாதிரி இருக்கு. அவ எங்க இருக்கா இதுல?"

"வேற எப்படிம்மா படிக்கிறது?"

"படிக்க வேணாம். கிறிஸ்துமஸ் வரட்டும். அவளே பேசுவா, கேட்டுக்கிறேன்."

கண் தெரியாதவளுக்கு மகள் என்றால் குரல்தானே. வருஷத்துக்கு ஒரு நாள் அந்தப் பெட்டிக்குள்ளிருந்து அவள் மகள் பேசுவாள். அதற்காகத்தான் மிச்ச நாட்களை அம்மா ஊசி போட்டுக்கொண்டு கடத்தினாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குப் படம் வரவில்லை. அதற்குப் பதிலாக ஏதோ பனிச்சறுக்கு நடனம். அடுத்த கிறிஸ்துமஸுக்கும் இல்லை. நாட்டைவிட்டு ஓடிப்போனவர்கள் நடித்த படங்களைப் பெட்டியில் போட்டுப் பூட்டுவது அப்போதைய வழக்கம். ஹெட்விகா ஓடிப்போனது மட்டுமில்லை, வெளிநாட்டு வானொலி ஒன்றில் உட்கார்ந்து, ஏன் போனேன் என்று ஐந்து நிமிஷம் பேசியும் இருந்தாள். எங்கள் ஊர் பார்டுபிட்சேயில் அது வெறும் இரைச்சலாகத்தான் கேட்டது, அலைவரிசையைக் குழப்பிவிட்டிருந்தார்கள். அம்மா வானொலிப் பெட்டியில் காதை ஒட்ட வைத்துக்கொண்டு, "இதோ, இதோ அவதான்" என்று இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தாள். அதிகாரிகளுக்கு மட்டும் நன்றாகக் கேட்டிருக்கிறது.

ஆனால் இந்த ஜனங்கள் இருக்கிறார்களே, எதை எடுத்துக்கொண்டாலும் வாயைத் திறக்காதவர்கள், படத்தை நிறுத்தியதும் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். கடைகளில், தொழிற்சாலைகளில், பள்ளிக்கூட வாசலில் அதே பேச்சு. கட்சிக்காரர்களின் பிள்ளைகளே வீட்டில் அழுது அடம்பிடித்தார்கள் என்று சொன்னார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? மூன்றாம் வருஷம் நிகழ்ச்சிப் பட்டியலில் படத்தின் பெயர் வந்துவிட்டது. நான் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கிற வேலையில் சேர்ந்திருந்தேன். செய்தித்தாளைப் பார்த்ததும் கவுண்டரை மூடிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா உடனே எழுந்து அலமாரியைத் திறந்தாள். நல்ல உடையை எடுத்துத் தேய்த்து வைக்கச் சொன்னாள்.

எங்கள் வழக்கப்படி பண்டிகை நாளில் பகல் முழுவதும் பட்டினி. பட்டினி கிடந்தால் மாலையில் சுவரில் தங்கப் பன்றிக்குட்டி தெரியும் என்பார்கள். "எனக்கெங்க தெரியப்போவுது, எனக்கு வேண்டியது காதுல வரும்" என்றாள் அம்மா. சர்க்கரை வியாதிக்காரி பட்டினி கிடக்கலாமா என்று நான் கத்தியும் கேட்கவில்லை. மேசையில் எங்கள் இரண்டு பேருக்கும் தட்டு, எதிர்பாராமல் வருகிற விருந்தாளிக்கு ஒரு தட்டு. அந்த மூன்றாவது தட்டை அம்மா தடவித் தடவி நேராக்கினாள். சூப், மீன், சாலட் எல்லாவற்றையும் நான் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தேன். ஏனென்றால் அந்தச் சாப்பாட்டில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கக் கூடாது. யாராவது எழுந்தால், மேசையில் இருப்பவர்களில் ஒருவர் அடுத்த கிறிஸ்துமஸுக்கு இருக்க மாட்டார். மேசை நடுவே தீப்பிடித்தால்கூட எங்கள் ஆட்கள் உட்கார்ந்தபடிதான் ஊதுவார்கள்.

படம் தொடங்கியது. எழுத்து போடுகையில் அக்காவின் பெயர் இல்லை. அம்மாவிடம் சொல்லவில்லை. ஆலை தெரிந்தது, பனி தெரிந்தது. ஹெட்விகா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து தம்பியைக் கூப்பிட்டாள்.

அவள் வாய் அசைந்தது. வந்தது வேறொருத்தியின் குரல். தேனில் முக்கி எடுத்தது போல, மணி மணியாக.

முகத்தை வெட்ட முடியாது பாருங்கள். அந்த முகத்தை வெட்டினால் படத்தில் மிச்சம் பனிதான் இருக்கும். அதனால் பெயரையும் குரலையும் மட்டும் வெட்டியிருந்தார்கள். வானொலியில் பேசிய குரல்தானே குற்றம் செய்தது! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் மறைத்தே காட்டினார்கள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "மிலா, இது யாருடி?"

நான் தட்டில் மீன் முள்ளை ஒதுக்கினேன்.

"சேனல் மாத்திட்டியா?"

"இல்லம்மா."

"அப்ப எம்பொண்ணு எங்க?"

"படத்துல இருக்காம்மா. முகம் தெரியுது. அழகா இருக்கா. அந்தச் சாம்பல் நிறச் சால்வைதான் போட்டிருக்கா."

"முகத்தை வச்சு நான் என்னடி பண்ண?"

அம்மா எழுந்தாள். "உட்காரும்மா!" என்று நான் கத்தினேன். அவள் நாற்காலியைத் தள்ளிவிட்டுக் காற்றைத் துழாவிக்கொண்டே போய், பெட்டியின் பக்கவாட்டில் ஒலி வருகிற துளைகளைக் கண்டுபிடித்து, இரண்டு உள்ளங்கைகளாலும் பொத்திக்கொண்டாள். கொலைகாரனின் வாயைப் பொத்துகிற மாதிரி இருந்தது. விரலிடுக்கு வழியாக அந்தத் தேன் ஒழுகிக்கொண்டே இருந்தது. "எனக்குப் பயமில்லை. குளிருது, அவ்வளவுதா...ன்."

மறுநாள் மாடிப்படியில் பக்கத்து வீட்டு மாரேஷோவா அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள். "பார்த்தியா மிலா, நம்ம படம் திரும்பி வந்துடுச்சு! கண்ணுல தண்ணியே வந்துடுச்சு போ. உங்க அக்கா எவ்வளவு இனிமையாப் பேசுறா!" அக்கா பிறந்ததிலிருந்து அவள் குரலைச் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தவள். அவளுக்கே தெரியவில்லை. அல்லது தெரியாத மாதிரி இருக்கப் பழகிவிட்டாள். எங்கள் நாட்டில் அந்த இரண்டுக்கும் அப்போது பெரிய வித்தியாசம் கிடையாது.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு அம்மா இல்லை. சர்க்கரைதான் கொன்றது, மருத்துவர் எழுதிக் கொடுத்தார். ஹெட்விகாவால் அடக்கத்துக்கு வர முடியவில்லை. வந்திருந்தால் கல்லறையிலிருந்து நேரே சிறைக்குத்தான் போயிருப்பாள்.

ஆட்சி கவிழ்ந்ததும் முதல் ரயிலிலேயே வந்தாள். கல்லறையில் நின்று, "கடைசி வரைக்கும் என்னைக் கேட்டாங்களா?" என்று கேட்டாள். "ஆமா, கேட்டாங்க" என்றேன். கேட்டார்கள்தான், பதில்தான் வரவில்லை. அந்த ராத்திரியைப் பற்றி அவளிடம் நான் சொல்லவே இல்லை.

வந்த கையோடு ப்ராகில் ஒரு நாடக அரங்கில் வேலை கேட்கப் போனாள். அங்கிருந்த இளம் இயக்குநர் ஆலைக்காரன் மகளை நேரில் பார்த்த பரவசத்தில் எழுந்து நின்றானாம். இவள் ஒரு பக்கம் வசனம் பேசிக் காட்டியதும் உட்கார்ந்துவிட்டானாம். "தப்பா நினைச்சுக்காதீங்க, மேடம். முகம் அதேதான். குரல்தான்... படத்துல அவ்வளவு நல்லா இருந்துச்சே, என்ன ஆச்சு?" இதை அவள் சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். பிறகு வியன்னாவுக்கே திரும்பிப் போய், அங்கே ஒரு நாடக அரங்கின் வாசலில், பார்வையாளர்களின் கோட்டை வாங்கி மாட்டி வைக்கிற பழைய வேலையையே தொடர்ந்தாள். அந்தத் தேன்குரல்காரி மட்டும் ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒரு பத்திரிகையில், "அந்தப் பெண் என் ஆன்மாவில் வாழ்கிறாள்" என்று பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளும் கொடுத்த வேலையைச் செய்தவள்தான் என்பார் என் கணவர் போஹுஷ். நல்ல மனிதர். எனக்கு அவ்வளவு நல்ல மனசு இல்லை.

படத்துக்கு முப்பது வயது ஆனபோதுதான் அந்தச் செய்தி வந்தது. கிடங்கில் பழைய ஒலிச்சுருள் கிடைத்திருக்கிறது, படத்தைச் சுத்தம் செய்து அசல் குரலோடு இந்தக் கிறிஸ்துமஸுக்குப் போடப் போகிறோம் என்று அறிவித்தார்கள். நான் வியன்னாவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அந்தப் பக்கம் ரிசீவரைக் கீழே வைக்கிற சத்தம்தான் கேட்டது.

"ஹெடா, இருக்கியா?"

"இருக்கேன். மிலா, நான் அங்க வரட்டுமா? அதை நம்ம வீட்டுல உட்கார்ந்து கேக்கணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

இருபத்திரண்டாம் தேதியே வந்துவிட்டாள். என் மகள் யுஸ்தினாவுக்கு ஏழு வயது. பண்டிகைச் சமையலுக்கு வாங்கிக் குளியல் தொட்டியில் உயிரோடு விட்டிருந்த கெண்டை மீனைப் பெரியம்மாவுக்கு அறிமுகப்படுத்தி வைத்தாள். அந்தக் குழந்தைக்குப் படம் மனப்பாடம். வீடியோ கேசட் தேய்ந்து கோடு விழுகிற அளவுக்குப் பார்த்திருக்கிறாள். பெரியம்மாதான் ஆலைக்காரன் மகள் என்று பள்ளிக்கூடத்தில் பெருமை அடித்துக்கொள்வாள்.

"பெரியம்மா, டிவில நல்லாப் பேசுறீங்க. நேர்ல மட்டும் ஏன் கரகரன்னு பேசுறீங்க?"

"நாளன்னைக்கு டிவிலயும் கரகரன்னுதான் பேசுவேன், பாரு" என்று சொல்லி ஹெட்விகா அவள் மூக்கைத் திருகினாள். அன்றைக்கு அவள் முகத்தில் நான் பார்த்த வெளிச்சம், குளத்தின் மேல் நடந்துபோன அந்த இருபது வயதுக்காரியிடம் பார்த்தது.

இருபத்துநான்காம் தேதி மாலை ஆறு மணி. நான், போஹுஷ், ஹெட்விகா, யுஸ்தினா. ஐந்தாவதாக வராத விருந்தாளியின் தட்டு. வருஷம் முழுவதும் பணம் சேரட்டும் என்று தட்டுகளுக்கு அடியில் மீன் செதில். எல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில், தொலைக்காட்சி ரிமோட் உட்பட. எழுத்து போடும்போது "ஹெட்விகா" என்று பெயர் வந்தது. போஹுஷ் கண்ணாடிக் கோப்பையைத் தூக்கிக் காட்டினார். ஹெட்விகா ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

கதவு திறந்தது. ஆலைக்காரன் மகள் தம்பியைக் கூப்பிட்டாள். கரகரத்த, முரட்டு, எங்கள் வீட்டுக் குரல். அம்மா கேட்க வேண்டியது, இத்தனை வருஷம் கழித்து எனக்குக் கேட்கிறது. ஹெட்விகா கண்ணை மூடிக்கொண்டாள்.

"அம்மா, டிவி கெட்டுப்போச்சு" என்றாள் யுஸ்தினா.

"கெடலடா. இதுதான் பெரியம்மாவோட நிஜக் குரல். சொன்னேன்ல?"

"இல்ல! இது யாரோ திட்டுறாங்க. அவளுக்கு ஜலதோஷமா?"

"ஆமாண்டா, ஜலதோஷம்தான்" என்றாள் ஹெட்விகா கண்ணைத் திறக்காமலே.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாரேஷோவா அம்மாளின் குரல் கேட்டது. "போஹுஷ்! உங்க டிவிலயும் இப்படித்தானா? யாரு இந்தக் கழுதை?" அவள் மகன் ஏதோ அதட்டினான். பிறகு எங்கள் தொலைபேசி அடிக்க ஆரம்பித்தது. எட்டாத இடத்தில் இருந்ததால் யாரும் எடுக்கவில்லை. அடித்துக்கொண்டே இருந்தது.

குளம் வந்தது. குதிகால் பனியை மிதித்தது. "எனக்குப் பயமில்லை" என்றது அந்தக் குரல், சளியும் எரிச்சலும் கேலியுமாக. "குளிருது, அவ்வளவுதான்."

யுஸ்தினா வாய்விட்டு அழுதாள். பாவம், நாடகமில்லை, நிஜமான அழுகை. "இது அவ இல்ல! என் கிறிஸ்துமஸைக் கெடுத்துட்டாங்க! எனக்கு அவ வேணும்!"

"யுஸ்தினா, வாயை மூடு" என்றேன். என் குரல் உயர்ந்துவிட்டது.

"குழந்தையைத் திட்டாத மிலா" என்று சொல்லிவிட்டு ஹெட்விகா ரிமோட்டை எடுத்தாள். யுஸ்தினாவின் வீடியோ கேசட் காலையிலிருந்தே கருவிக்குள் கிடந்தது. பொத்தானை அழுத்தினாள். நடுவில் எங்கேயோ தொடங்கி, கோடு விழுந்த படத்தில் அவள் முகமும், தேனில் முக்கின அந்தக் குரலும் வந்தன. குழந்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அமைதியானாள். சுவருக்கு அந்தப் பக்கம் இன்னும் புலம்பிக்கொண்டிருந்தார்கள்.

"ஹெடா, நிறுத்து. உன்னோடதைப் பார்ப்போம்" என்றார் போஹுஷ் மெதுவாக.

"அதான் கேட்டாச்சே. நல்லாத்தான் இருந்துச்சு." சாலடைக் கிண்டினாள். "அந்தக் குளத்துல என் காலு எப்படி விறைச்சுப் போச்சு தெரியுமா, யுஸ்தினா? அப்பதான் சொன்னேன், எனக்குப் பயமில்லை, குளிருது, அவ்வளவுதான்."

"அப்படி இல்ல பெரியம்மா!" குழந்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "உங்களுக்குச் சொல்லவே தெரியல. மெதுவா சொல்லணும். கடைசில இப்படி இழுக்கணும். அவ்வளவுதா...ன். எங்க, சொல்லுங்க?"

ஹெட்விகா அவளைப் பார்த்தாள். முதுகை நிமிர்த்திக்கொண்டாள். நாடகப் பள்ளியில் முதல் மாணவியாக இருந்தவள். வாயைத் திறந்து அந்த இன்னொருத்தியின் குரலில், ஒரு மயிரிழை பிசகாமல், மணி மணியாக, "எனக்குப் பயமில்லை. குளிருது, அவ்வளவுதா...ன்" என்றாள்.

"இப்ப சரி!" யுஸ்தினா கை தட்டினாள். "இப்பதான் நீங்க அவ மாதிரி இருக்கீங்க!"

நான் எழுந்து நின்றேன். நாற்காலி பின்னால் விழுந்தது.

"மிலா!" என்று போஹுஷ் என் கையைப் பிடித்தார். யாரும் சாப்பிட்டு முடிக்கவில்லை. குழந்தை பயந்து போய், "அம்மா உட்காருங்க! எழுந்திரிச்சா யாராவது செத்துடுவாங்க!" என்றாள்.

ஹெட்விகா அவள் தலையைத் தடவினாள். அந்தக் குரலிலிருந்து அவள் இன்னும் வெளியே வரவில்லை. தேன் ஒழுக ஒழுக, "பயப்படாத கண்ணு. அவ செத்து ரொம்ப நாளாச்சு" என்றாள்.

யுஸ்தினா யோசித்துப் பார்த்தாள். ஒவ்வொரு வசனமும் மனப்பாடமாகத் தெரிந்தவள்.

"பெரியம்மா, இது படத்துல எங்க வருது?"